நூல் காசு

லைனிங் ஜாக்கெட் தைக்க 600 ரூபாயா, 700 ரூபாயா என்று வாய் பிளக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அது அதிகம் என்று சொல்ல மாட்டேன், குறைவு என்றும் சொல்ல மாட்டேன். அந்த விலையை ஒரு தையல்காரப் பெண் வாய்விட்டுச் சொல்ல எத்தனை வருஷம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருஷம் ஆனது.

என்னைக் கணக்கு டீச்சராகத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளியில் சேர்வதற்கு ஆறு வருஷம் முன்பே எங்கள் பம்மல் வீட்டு முன்னறையில் தையல் வேலை தொடங்கிவிட்டது. 1985லிருந்து 2004 வரை, பத்தொன்பது வருஷம். ஜாக்கெட், பாவாடை, ஃபால்ஸ், ஜன்னல் திரை, டி.வி. உறை, சோபா உறை. அதோடு சீர்வரிசைத் தட்டு அலங்காரம், ஆரத்தித் தட்டு, வளைகாப்பு, கொலு, பிறந்தநாள் தோரணம். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. "டீச்சர் வீட்ல குடுத்தா தைச்சுத் தருவாங்க" என்பதுதான் விளம்பரம். அதிலும் ஒரு அநியாயம் உண்டு, ஏனென்றால் வேலையில் முக்கால்வாசி டீச்சருடையது இல்லை. என் நாத்தனாருடையது.

நாத்தனார் என்றதும் டி.வி. சீரியலை நினைத்துக்கொள்ள வேண்டாம். என் கணவருக்கு அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். 1983ல் கல்யாணமாகி நான் பம்மலுக்கு வந்தபோது அண்ணி கணவரை இழந்து அம்மா வீட்டுக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வயது முப்பத்து மூன்று. குழந்தை இல்லை. அரசாங்கத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து வைத்திருந்தார். தையல் டீச்சர் ஆக வேண்டும் என்பது ஆசை. அந்த உத்தியோகம் கிடைக்கவில்லை. சர்ட்டிபிகேட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருப்பார்.

பம்மல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 2002ல் வந்த கமல் படம் நினைவுக்கு வரும். நாடகம் தெரிந்தவர்களுக்குப் பம்மல் சம்பந்த முதலியார். எங்களுக்குப் பம்மல் என்றால் முதலில் தண்ணீர்தான். பக்கத்தில் இருக்கிற குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால். பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் வரைக்கும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது தெளிவாக இருக்கும், வாளியில் கொஞ்ச நேரம் நின்றால் மஞ்சள் தட்டும். தையலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி, மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும். வெள்ளை லைனிங்கை எங்கள் கிணற்றுத் தண்ணீரில் நனைத்தால் பழுப்பாக வரும். அதனால் மழைக்காலத்தில் மழைத்தண்ணீர், மற்ற நாளில் லாரித் தண்ணீர். "குடிக்கிற தண்ணியில துணி நனைக்கறீங்களேடி" என்று என் மாமியார் திட்டாத நாள் கிடையாது. நனைத்த தண்ணீரைக் கொட்டாமல் மிதியடி துவைக்க எடுத்து வைப்போம்.

என் கணவர் நாகல்கேணியில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கர். கிணறு கெட்டதும் அங்கிருந்துதான், வீட்டுக்குச் சோறு வந்ததும் அங்கிருந்துதான். இது எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளின் கதை.

மெஷின் வாங்கியது 1985 ஆடித் தள்ளுபடியில். உஷா, கால் மெஷின். தவணைக்காரரிடம் மாதம் 100 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதம். முதல் தவணை அண்ணியின் மூக்குத்தி. அந்த நாளில் நூலகத்தில் எடுத்த ஒரு காந்தி புத்தகத்தில் படித்ததை அண்ணிக்குச் சொன்னேன். இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசிய காந்தி, 1924ல் ஓர் உரையாடலில் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தாராம். சிங்கர் என்பவர் தன் மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அவள் மேல் இருந்த அன்பினால் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். அண்ணி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டார்: "சரி, அதுக்கப்புறம் அந்தம்மாவுக்குக் கூலி குடுத்தானா?"

(கணக்கு டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? பின்னாளில் தேடிப் பார்த்தேன். சிங்கருக்கு முன்பே, 1846ல், எலியாஸ் ஹோவ் தையல் மெஷினுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். சிங்கர் வாங்கியது 1851ல். சிங்கர் கம்பெனியின் பெரிய சாமர்த்தியம், 1850களிலேயே மெஷினைத் தவணையில் விற்கத் தொடங்கியது. எங்கள் தவணைக்காரருக்கு மூதாதை அவர்தான் போலிருக்கிறது.)

ஆரம்பத்தில் வந்தவர்கள் எல்லாம் தெருக்காரர்கள், உறவுக்காரர்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார்கள்: "சும்மாதானே இருக்க, இதைக் கொஞ்சம் தைச்சுக் குடு. நூல் காசு தந்துடறேன்."

நூல் காசு. அன்றைக்கு ஒரு நூல்கண்டு ஒரு ரூபாய்க்குள். ஒரு கண்டில் நாலு ஜாக்கெட் தைக்கலாம். அதாவது நூலுக்கு விலை உண்டு, கைக்கு விலை இல்லை என்று அர்த்தம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டில் பெண்கள் செய்கிற வேலை எல்லாமே சும்மா என்று அவர்களும் வளர்ந்தவர்கள்தான். அதே ஜாக்கெட்டைப் பல்லாவரம் ரோட்டில் இருந்த டைலரிடம் கொடுத்தால் 10 ரூபாய் கேட்பார். பேசாமல் கொடுத்துவிட்டு வருவார்கள். எங்களிடம் 8 ரூபாய் என்றால் "என்னம்மா இது, வீட்டுக்குள்ளேயே வியாபாரமா" என்பார்கள். விலை சொல்ல வேண்டிய நேரத்தில் நான் அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். அண்ணி மெஷினைப் பார்த்துக்கொண்டே "பார்த்துக் குடுங்க" என்பார். பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

ஆனாலும் அந்த முதல் வருஷங்கள் எத்தனை சந்தோஷமாக இருந்தன! அது நதியா வந்த வருஷம். 'பூவே பூச்சூடவா' ஓடி, ஊரில் எல்லாமே நதியா பெயரில் வந்தது. கம்மல், வளையல், கொண்டை வரை நதியா. பள்ளிக்கூடப் பெண்கள் பத்திரிகைப் படத்தைக் கிழித்துக்கொண்டு வந்து "இதே மாதிரி வேணும்க்கா" என்பார்கள். படத்தில் முன்பக்கம்தானே தெரியும்? பின்பக்கத்தை அண்ணியே கற்பனை செய்து தைப்பார். சில சமயம் நதியாவின் பின்பக்கத்தைவிட நன்றாகவே இருந்திருக்கும்.

துணி, அலங்காரச் சாமான் வாங்கப் பாரிமுனை போவோம். பல்லாவரத்தில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் நடை தூரம். கோடவுன் தெருவில் திரைத்துணி, ஆண்டர்சன் தெருவில் வண்ணக் காகிதம். திரும்பும்போது இரண்டு பேர் கையிலும் மூட்டை. பெண்கள் பெட்டியில் மூட்டை மேலேயே உட்கார்ந்து, பூ கட்டுகிறவர்களோடு பேசிக்கொண்டு வருவோம். மல்லிகைக்கு நடுவில் மரிக்கொழுந்தை எந்த இடைவெளியில் வைத்தால் சரம் கனமாகத் தெரியும் என்று அண்ணி கற்றது அந்த ரயிலில்தான். மற்ற சில்லறைச் சாமானுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. அங்கே கிடைக்காத பொருள் உலகத்தில் இல்லை என்பார் அண்ணி. பழைய மெஷின் பாகம், பொத்தான், பித்தளை வளையம், கோழி, செடி எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும்.

இன்னொரு துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பக்கத்து ஊர் அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். 'மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்று பெரிய பெரிய கட்டம் போட்ட துணி அங்கே நெய்து நைஜீரியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே அது விசேஷத்துக்கு இடுப்பில் சுற்றுகிற மரியாதையான உடை. பெயரில்தான் கைக்குட்டை. அந்த ஏற்றுமதி படுத்த பிறகு, தறிக்காரர் ஒருவர் வீட்டில் தேங்கிக் கிடந்த துண்டுகளை எடைக்கு வாங்கி வந்தார் அண்ணி. சிவப்பும் கருநீலமும் மஞ்சளும். அதில் சோபா மெத்தைக்கு உறை தைத்தோம். கட்டம் நாலு பக்கமும் ஒன்றோடொன்று சேர வேண்டும், இல்லாவிட்டால் கண்ணை உறுத்தும். ஒரு உறைக்கு வெட்டுவதற்கே அரை மணி. எங்கள் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த உறைகள்தான். நங்கநல்லூர் வரைக்கும் போயின. அங்கே ஒரு மாமி ஆறு உறை வாங்கிவிட்டு "கைலித் துணி மாதிரின்னா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதம் இன்னும் ஆறு கேட்டு ஆள் அனுப்பினார்.

அப்போதெல்லாம் வீட்டில் எதற்கும் உறை உண்டு. சாலிடேர் டி.வி.க்குச் சுருக்கம் வைத்த உறை, மிக்ஸிக்கு உறை, ஃபிரிட்ஜ் தலையில் பை வைத்த துணி. ஜன்னல் திரை ஸ்பிரிங் கம்பியில் தொங்கும். அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி எடுத்தால்தான் மடிப்பு அழகாக விழும். ஒன்றரை மடங்கு போதும் என்று சிக்கனம் பார்த்தால் வேட்டி காயப்போட்ட மாதிரி இருக்கும்.

நான் தபால் வழியில் பி.எட். முடித்து 1991ல் பள்ளியில் சேர்ந்தேன். தையல் எனக்கு வகுப்பறையில் நிறைய உதவியது. வட்டத்தின் சுற்றளவு பாடம் வந்தால் நான் ஒரு அம்ப்ரல்லா பாவாடையை எடுத்துக்கொண்டு போவேன். இடுப்பு 22 அங்குலம். துணியின் நடுவில் எத்தனை அங்குல ஆரத்தில் வட்டம் வெட்ட வேண்டும்? சுற்றளவை இரண்டு பையால் வகுக்க வேண்டும். 22/7 வைத்துப் போட்டால் சரியாக மூன்றரை. பின்வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அண்ணிக்குப் பை எல்லாம் தெரியாது. "இடுப்பை ஆறால வகு, வந்ததுல ஒரு நூல் குறைச்சுக்கோ" என்பார். இரண்டு பை என்பது 6.28 தானே. ஆறால் வகுத்தால் கொஞ்சம் கூடுதலாக வரும், அதற்குத்தான் அந்த ஒரு நூல். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், "துணி கெட்டுப்போனா யாரு காசு குடுப்பா? அதான் சொல்லிக் குடுத்துச்சு" என்பார்.

சீர்வரிசைத் தட்டு வேலை 1988 வாக்கில் ஆரம்பித்தது. ஜாக்கெட் துணியைக் கிளியாக மடிப்பது, டர்க்கி டவலை அன்னமாக மடிப்பது, தேங்காய்க்கு ஜிகினாவில் முகம், வளையலில் கோபுரம், உலர்ந்த பழங்களில் மயில் தோகை. பதினொன்று அல்லது இருபத்தொன்று என்று ஒற்றைப்படையில் கேட்பார்கள். மணமேடைக்குத் தெர்மாகோலில் பெண் மாப்பிள்ளை பெயர் வெட்டுவது என் கணவர் பொறுப்பு. நிக்ரோம் கம்பியை இழுத்துக் கட்டி, சின்ன டிரான்ஸ்பார்மர் வழியாகச் சூடேற்றி வெட்டுவார். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகும். வீடெல்லாம் வெள்ளை மணி பறந்து சாம்பாரில் விழும்.

இங்கேதான் ஒரு சிக்கல். சீர்த்தட்டும் ஆரத்தியும் மங்கலப் பொருள். செய்கிற அண்ணிக்குக் கணவர் இல்லை.

தட்டு அழகாக இருக்கிறவரை யாரும் கேட்கவில்லை. ஒரு பல்லாவரம் கல்யாணத்துக்கு இருபத்தொரு தட்டு ஒப்புக்கொண்டிருந்தோம். நாலு நாள் முன்னால் பெண்ணின் அத்தை வந்தார். என்னை வாசலுக்கு அழைத்து, குரலைத் தாழ்த்தி, "எல்லாம் உங்க கையாலதானேம்மா செய்வீங்க? உள்ளே இருக்கிற அவங்க கை படாம பார்த்துக்கோங்க" என்றார். தாழ்த்திய குரல் எங்கள் வீட்டில் எங்கே நிற்கும்? முன்னறைக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு திரைதான். அதுவும் நாங்களே தைத்தது. மெஷின் சத்தம் நின்றது. அண்ணி வெளியே வரவில்லை. உள்ளே இருந்தபடியே, ரேட் பேசுகிற குரலில் சொன்னார்: "ஆரத்தித் தட்டை மட்டும் அவங்களே வீட்ல கட்டிக்கட்டும். மத்த இருபதுக்கும் முழுக்கூலி."

அந்த அம்மாள் சரி என்று போய்விட்டார். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டோவில் ஒரு பையனோடு வெறும் தட்டு வந்தது. அவர்களுக்குக் கட்ட வரவில்லை. அத்தை முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. திருப்பி அனுப்புங்கள் என்றுகூடக் கண்ணால் சொன்னேன். அண்ணி தட்டை வாங்கி, கழுவித் துடைத்து, பத்தரை மணிக்குள் முடித்துக் கொடுத்தார். ரோஜா இதழில் தாமரை, நடுவில் மஞ்சள் பிள்ளையார். "ராத்திரி வேலைக்கு 20 ரூபாய் தனி" என்றார். அத்தை பேசாமல் எடுத்துக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணி தன் வாயால் கூலி கேட்டது அன்றைக்குத்தான் என்பது எனக்குப் படுக்கப் போனபிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகும் சிலர் அதே மாதிரி கேட்டதுண்டு. அண்ணி செய்வார், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். "ஆள் மாத்திக் கொண்டுபோனா ஆட்டோச் செலவு அவங்களது" என்று ஒரு விதி போட்டார். கோபத்தை விலைப்பட்டியலில் சேர்த்துவிடுகிற சாமர்த்தியம் எனக்கு வராது.

ஒரே ஒரு வளைகாப்பைச் சொல்கிறேன். நாகல்கேணியில் தோல் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் வீடு. மேடை அலங்காரம் முடிந்ததும் வழக்கம்போல அண்ணி பின்பக்கம் வந்து கதவோரம் நின்றுகொண்டார். பெண்ணின் அம்மா "நீங்களும் வளையல் போடுங்கக்கா" என்று கூப்பிட்டார். அண்ணி தலையை ஆட்டி மறுத்தார். அந்தப் பெண் மனையிலிருந்து எழுந்து, நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் நடந்து வந்து இரண்டு கையையும் நீட்டினாள். அண்ணி போட்டார். யாரும் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் நான் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "அந்தப் பொண்ணுக்கு ரெண்டு ஆறு பெரிசு. ரெண்டு நாலு வாங்கியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

1996க்கு வருகிறேன். ஆகஸ்ட் 28ஆம் தேதி வேலூர் மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்யாவிட்டால் நடக்கக் கூடாது. எங்கள் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அதில் உண்டு. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். நியாயமான தீர்ப்பு. மஞ்சள் தண்ணீர் வாளியைப் பத்து வருஷம் பார்த்தவள் நான், வேறு எப்படிச் சொல்வேன்? ஆனால் என் கணவர் வேலை பார்த்த இடம் மூடியது. திறக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அவருக்குச் சம்பளம் இல்லை. எனக்குப் பள்ளியில் 1,400 ரூபாய். வீட்டில் மாமியார், அண்ணி, நாங்கள், படிக்கிற பெண்.

தீபாவளி வரை சமாளித்தோம். அந்தத் தீபாவளிக்கு 140 ஜாக்கெட் தைத்தோம். ஹெம்மிங்குக்கும் கொக்கி வைக்கவும் தெருக்கோடியில் இருந்த ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டோம். கார்த்திகை தாண்டி மார்கழி வந்ததும் வேலை வற்றிவிட்டது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. அப்போதுதான் பாரிமுனைப் பக்கத்து மொத்த வியாபாரி ஒருவரிடம் நைட்டி தைக்கும் வேலை எடுத்தோம். வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகத் தருவார். ஒரு நைட்டிக்கு 5 ரூபாய். நூல் நம்முடையது. போக்குவரத்து நம்முடையது.

முதல் நூறைக் கொண்டுபோனபோது பன்னிரண்டை எடுத்துத் தனியாக வைத்தார். சாயம் சீராக இல்லை என்று பிடித்தம். துணி அவர் கொடுத்தது, சாயமும் அவர் பார்த்து வாங்கியது. ஒன்றுக்கு 30 வீதம் 360 ரூபாய் கழித்துக்கொண்டு, 500க்குப் பதில் 140 கையில் கொடுத்தார். அந்தப் பன்னிரண்டு நைட்டியையும் தரவில்லை. ரயிலில் அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பூக்காரம்மா பேச்சுக் கொடுத்தும் பேசவில்லை.

அன்று ராத்திரி என் கணவர் எங்கள் கணக்கு நோட்டை எடுத்தார். வேலை இல்லாத கணக்கருக்குக் கை அரிக்கும் அல்லவா! பதினோரு வருஷத்தில் அவர் அந்த நோட்டைத் திறந்தது அதுதான் முதல் தடவை. கோடு போட்டு, பற்று வரவு எழுதி, விடியற்காலை வரை உட்கார்ந்தார். ஒரு நைட்டிக்கு ஒரு மணி நேரம். நூலும் ரயில் செலவும் போக 4 ரூபாய். நாள் முழுக்க எட்டு மணி நேரம் மிதித்தாலும் 32. எங்கள் தெருவில் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி சித்தாளுக்கு 60 கொடுத்தார். எங்கள் சொந்த ஜாக்கெட் 20 ரூபாய். வெட்ட, தைக்க, ஹெம்மிங், கொக்கி, இஸ்திரி எல்லாம் சேர்த்து எண்பது நிமிஷம். செலவு ஒன்றரை ரூபாய் போக, மணிக்கு 14 ரூபாய்க்குக் கிட்ட. ஆனால் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'பாக்கி' என்று எழுதியிருந்தது. கூட்டினால் 2,140 ரூபாய். எல்லாம் தெருக்காரர்கள், உறவுக்காரர்கள். பாதிப் பேர் கோடி வீட்டு நிலையில் இருந்தவர்கள்.

"அக்கா, என் சம்பளத்தைவிட ஒரு மாசம் இதுல கூட வந்திருக்கு" என்றார் அவர். தீபாவளி மாதத்தைச் சொன்னார். அதுவரைக்கும் எங்கள் உறவில் "அவங்க ஏதோ கைச்செலவுக்கு நூல் காசு சம்பாதிக்கிறாங்க" என்றுதான் பேச்சு. அவரும் அதை மறுத்ததில்லை.

அண்ணி கேட்டார்: "அப்ப எவ்வளவு கேக்கணும், தம்பி?"

அவர் ஒரு கணக்குச் சொன்னார். அண்ணி அதில் 2 ரூபாய் குறைத்தார், பிறகு யோசித்து அந்த 2 ரூபாயையும் சேர்த்துக்கொண்டார். மறுநாள் தெர்மாகோல் அட்டை ஒன்றில் நான் எழுதினேன். பிளெயின் 25. லைனிங் 45. ஃபால்ஸ் 15. தட்டு அலங்காரம் ஒன்றுக்கு 30. பாதி முன்பணம். கீழே அண்ணி ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'நூல் எங்களுடையது.' அதை மெஷினுக்கு நேர் மேலே, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினோம். நைட்டிக் கட்டுகளைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

தை பிறந்து, கல்யாண மாதம் வந்தும், முதல் மூன்று வாரம் புதிதாக ஒரு துணி வரவில்லை. என் மாமியார் தினமும் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். நாலாவது வாரம், நூல் காசு என்று சொல்லிச் சொல்லியே பதினோரு வருஷம் தைத்துக்கொண்ட ஓர் உறவுக்காரர் வந்தார். பல்லாவரம் டைலர் அளவைக் கெடுத்துவிட்டாராம். அட்டையைப் படித்தார். படித்ததை மறுபடி படித்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்து, முன்பணத்தோடு பழைய பாக்கியிலும் 30 ரூபாய் வைத்துவிட்டு, "கை கொஞ்சம் லூசா இருக்கட்டும்" என்றார். பங்குனிக்குள் பழையபடி கூட்டம். 2,140ல் எங்களுக்குத் திரும்பி வந்தது 1,300க்கு மேல். மீதியை அண்ணி அடித்துவிடச் சொன்னார். முடியாதவர்கள் யார், தராதவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும்.

பல வருஷம் கழித்து ஒரு செய்தி படித்தேன். அதே 1996 ஜூனில் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்கிறவர்களுக்கென்றே ஓர் உடன்படிக்கையை ஏற்றிருக்கிறது. எண் 177. அதற்காக அதிகம் குரல் கொடுத்தவர்களில் அகமதாபாத்தில் இலா பட் 1972ல் தொடங்கிய சேவா அமைப்பும் ஒன்று. கடைத்தொழிலாளிக்கு உண்டான மரியாதையும் கூலியும் வீட்டில் செய்கிறவர்களுக்கும் வேண்டும் என்பது சாரம். இந்தியா இன்னும் அதில் சேரவில்லை. அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். "நைட்டிக்காரன் கடையில ஒண்ணு மாட்டச் சொல்லு" என்றார்.

என் கணவரின் தொழிற்சாலை பொதுச் சுத்திகரிப்பு ஏற்பாட்டில் சேர்ந்து மறுபடி திறந்தது. அவர் வேலைக்குப் போனார். ஆனால் எங்கள் நோட்டை அதற்குப் பிறகு அவரேதான் எழுதினார், சிவப்பு மையும் நீல மையுமாக.

முடிந்த கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் பேனர் வந்தது. தெர்மாகோல் எழுத்தை யாரும் கேட்கவில்லை. சீர்த்தட்டை வாடகைக்கு விடும் கடைகள் வந்தன. தட்டையான டி.வி.க்கு உறை எதற்கு? சுடிதார் ரெடிமேடாகவே வந்தது. ஜாக்கெட் மட்டும் நின்றது, ஆனால் அண்ணிக்குக் கண் மங்கியது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியவில்லை என்றார். பம்மல் சங்கரா கண் மருத்துவமனையில் இரண்டு கண்ணும் புரை நீக்கினோம். கட்டுப் பிரித்த அன்று முதலில் ஊசியில் நூல் கோத்துப் பார்த்தார். கோத்துவிட்டு, "போதும், இனிமே நமக்கு மட்டும் தைக்கலாம்" என்றார். 2004 ஆடி மாதம். கொக்கி வைக்க வந்த அந்தப் பெண் அனகாபுத்தூர் போகிற வழியில் சொந்தக் கடை வைத்திருக்கிறாள், இரண்டு பவர் மெஷினோடு. எங்கள் வாடிக்கைக்காரர்களை அவளிடமே அனுப்பினோம். அவள் கடையிலும் விலை எழுதிய அட்டை உண்டு.

பம்மல் 2021ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. எங்கள் திண்ணை சாலை உயர்ந்து உயர்ந்து தரையோடு தரையாகிவிட்டது. அண்ணிக்கு இப்போது எழுபத்தைந்து. காலை வெயில் முன்னறைக்குள் வருகிற நேரத்தில் இன்னும் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஏதாவது கிழிசல் தைப்பார். போன மாதம் என் பேத்தி பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாவாடை கேட்டாள். தைத்துக் கொடுத்துவிட்டு அவளிடம் 100 ரூபாய் வாங்கிக்கொண்டார். என் மகள் "என்னத்தை இது, பேத்திகிட்ட போய்" என்றாள். பேத்திதான் உண்டியலை உடைத்து எடுத்துக் கொடுத்தாள்.

மெஷினில் பெல்ட் மட்டும் தளர்ந்துவிட்டது, இரண்டு தடவை வெட்டித் தைத்தாகிவிட்டது. அந்தத் தோல் பெல்ட் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்னும் கிடைக்கிறது என்கிறார்கள். வெயில் கொஞ்சம் தணியட்டும், அண்ணியையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும்.